கந்தகம் வகுத்த வழித்தடம்

1957 ஏப்ரலில் லண்டனிலிருந்து கிளம்பிய பேருந்து ஒன்று துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாக ஜூன் மாதம் கல்கத்தா வந்து சேர்ந்தது. பாஸ்போர்ட், விசா, பாலைவனம், மலைப்பாதை என்று அந்தப் பயணிகளுக்குக் கவலைகள் பல இருந்திருக்கும். எந்த ஊரில் எந்த டீசல் கிடைக்கும் என்ற கவலை மட்டும் பெரிதாக இருந்திருக்காது. டீசல் பம்ப் பட்டறையில் தொழில் கற்றவன் நான். பழைய தரைவழிப் பயணங்களை எண்ணெயை வைத்துத்தான் படிக்கிறேன்.

அன்றைய இன்ஜினில் கம்ப்யூட்டர் இல்லை. பம்புக்குள் பிளஞ்சர் ஏறி இறங்கும். அழுத்தம் கூடியதும் நாசில் திறந்து டீசலைப் பீய்ச்சும். டீசலில் கந்தகம் அதிகமிருந்தால் அமிலம் உண்டாகி இன்ஜின் ஆயில் கெடும். ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்வோம், அதோடு முடிந்தது. 1990-இல் டொயோட்டா கொண்டுவந்த 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர் 1எச்இசட் இன்ஜினை ஆப்பிரிக்காவில் நிவாரணப் பணி செய்கிறவர்கள் இத்தனை காலம் நம்பியதற்கும் அந்த எளிமைதான் காரணம்.

ஆனால் அந்தப் பழைய இன்ஜின்களின் புகையைச் சாலையோரத்து மக்கள் சுவாசித்தார்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது.

அதற்கு முன்பே மாற்றம் தொடங்கியிருந்தது. 2000-இல் பெஜோ 607 கார் புகைக்கரி ஃபில்டருடன் வந்தது. அமெரிக்காவில் 2007 முதல் புது லாரிகளிலும் அது ஏறியது. 2010-இன் விதிகளோடு யூரியா டேங்க்கும் சேர்ந்தது. ஃபில்டர் என்பது தேனடை போன்ற பீங்கான். அதில் சேரும் கரியை அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரிக்க வேண்டும். யூரியாக் கரைசல் ஒரு வினையூக்கியின் உதவியோடு நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும்.

இவை ஒழுங்காக வேலை செய்ய டீசலில் கந்தகம் இருக்கவே கூடாது எனலாம். ஐரோப்பா 2009 முதல் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் அனுமதிப்பதில்லை. அமெரிக்காவின் வரம்பு 15. கானாவிலோ 2017 வரை 3,000 பங்கு வரை அனுமதித்தார்கள். அந்த டீசலை ஊற்றினால் வினையூக்கி செயலிழக்கும், ஃபில்டர் அடைக்கும், எச்சரிக்கை விளக்கு எரியும், வண்டி இழுவை இழக்கும். பட்டறையே இல்லாத பாலைவனத்தில் அது உயிருக்கே ஆபத்து.

புது லாரியைக் கப்பலேற்றிக் கண்டம் கடக்க விரும்பியவர்களில் பலர் இதனாலேயே பழைய வண்டி தேடினார்கள். சிலர் ஃபில்டரைக் கழற்றி வெறும் குழாய் வைத்து, கம்ப்யூட்டரின் மென்பொருளையும் மாற்றினார்கள். அமெரிக்காவில் அது சட்ட விரோதம். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள், நான் செய்து கொடுத்ததில்லை. பயணி ஒரே நாளில் கடந்துவிடும் ஊரில் ஒரு குழந்தை வளர்கிறது. அதன் நுரையீரலை விடப் பயணியின் வசதி பெரிதென்று என்னால் ஏற்க முடியாது.

உண்மையான தீர்வு சுத்திகரிப்பு ஆலையில் இருந்து வந்தது. அங்கே ஹைட்ரஜனைச் செலுத்தி டீசலிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கிறார்கள். 2015-இல் கென்யா, தான்சானியா, உகாண்டா, ருவாண்டா, புருண்டி ஆகிய ஐந்தும் 50 பங்கு என்ற வரம்புக்கு வந்தன. 2017-இல் கானாவும் அதே வரம்பை ஏற்றது. 2000-இல் 2,500 பங்கு வரை அனுமதித்த இந்தியா, 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் 10 பங்கு டீசலுக்கு மாறியது.

எனவே புது லாரியோடு கிளம்புகிறவர் முதலில் நாடுவாரியாக டீசல் தரத்தை விசாரிக்கட்டும். தரமில்லாத நாட்டைச் சுற்றிக்கொண்டு போகட்டும், அல்லது அங்கே தரம் உயரும்வரை காத்திருக்கட்டும். ஃபில்டர் மட்டும் வண்டியிலேயே இருக்கட்டும். நல்ல டீசல் முதலில் அந்தந்த ஊர் மக்களின் உரிமை. பயணிக்குத் திறக்கும் வழி அதன் பலன்களில் ஒன்றுதான்.