மறந்த கடவுச்சொல்லும் மணிக் கணக்கும்

நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், பள்ளிப் பெட்டி ஒன்றின் எண் பூட்டு மறந்துபோயிற்று. அந்த எண் 7இல் தொடங்குமென்று உறுதியாக நம்பி, 700 முதல் 799 வரை திருப்பினேன், திறக்கவில்லை. பிறகு 000 முதல் திருப்பிவர, 418இல் திறந்தது. மூன்றே சக்கரங்களாதலால் பிழைத்தேன்.

ஐரோப்பாவில் ஒருவர், 2013இல், 43.6 பிட்காயின்களைத் தம் கணினியில் ஒரு மின் பணப்பையில் வைத்துப் பூட்டினார். பிட்காயின் என்பது எந்த அரசும் வங்கியும் வெளியிடாத பணம். கடவுச்சொல்லை மறந்தவர் மனுக் கொடுக்க அதற்கு ஓர் அலுவலகமும் இல்லை. ரோபோஃபார்ம் என்னும் மென்பொருள் அமைத்துத் தந்த 20 எழுத்துக் கடவுச்சொல் அது. அதனைச் சேமித்த கோப்பு பழுதாயிற்று. அன்று சில ஆயிரம் டாலரே பெற்ற அச்செல்வம், 2023 இறுதியில் 16 லட்சம் டாலருக்கு மேல் பெற்றது.

ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் 20 இடங்களை நிரப்பும் வழிகளைக் கணக்கிட்டால், விடை 36 இலக்கங்களில் வரும். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கும் என் முறை இங்கே செல்லாது. ஜோ கிராண்ட் என்னும் அமெரிக்கப் பொறியாளரும் முதலில் மறுத்தே விட்டார். பின்னர் அவரும் ஜெர்மானிய நண்பர் ஒருவரும் அம்மென்பொருளின் பழைய பதிப்பை ஆராய்ந்து, வியப்பான குறை ஒன்றைக் கண்டனர். எழுத்துகளை அது குருட்டாம்போக்கில் பொறுக்கவில்லை. கணினியின் தேதியையும் மணியையும் கொண்டே அமைத்தது. (2015இல் இக்குறை திருத்தப்பட்டது.) ஆகவே, ஆக்கிய நேரம் தெரிந்தால் சொல்லும் தெரியும்.

நேரமோ உரியவருக்கு நினைவில்லை. பணப்பைக்குள் நாணயங்கள் வந்த நாள் ஏப்ரல் 14 என்பது பதிவில் இருந்தது. அதனையொட்டி மார்ச் 1 முதல் ஏப்ரல் 20 வரை தேடினர். பின்னர் ஜூன் 1 வரை நீட்டினர். மொத்தம் ஏறத்தாழ 80 லட்சம் வினாடிகள். கிடைக்கவில்லை.

வரலாறு கற்பித்தவன் அறிந்த இடர் இங்கேதான் குறுக்கிட்டது. சிறப்புக் குறியீடுகளைச் சேர்த்ததாக உரியவர் கூறியிருந்தார். ஆனால் அதே ஆண்டில் அதே மென்பொருளால் அவர் ஆக்கிய வேறு கடவுச்சொற்களை வாங்கிப் பார்த்தபோது, இரண்டில் அக்குறியீடுகள் இல்லை. நண்பர்கள் சாட்சியை விடுத்து ஆவணத்தை நம்பினர். குறியீடுகளை நீக்கி மீண்டும் தேடினர். 2023 நவம்பரில் சொல் அகப்பட்டது. அது பிறந்தது 2013 மே 15, கிரீன்விச் நேரப்படி மாலை 4 மணி 10 நிமிடம் 40 வினாடிக்கு. நம் கடிகாரத்தில் அப்போது இரவு 9 மணி 40 நிமிடம்.

சொல்லை இழந்திராவிட்டால் நாணயங்களை முன்னரே விற்றிருப்பேன் என்று உரியவர் பிற்பாடு கூறினாராம். என் பெட்டியில் இருந்தவை பழைய வருகைப் பதிவேடுகள்.