பல்லாவரத்துக் கல்லும் ஊர் வரலாற்றுத் தொண்டும்

ஊர் வரலாற்றைச் சம்பளம் இன்றித் தேடி எழுதும் கழகங்கள் ஐரோப்பாவில் சிற்றூர்களிலும் வேர்விட்டன. வடக்குப் பிரான்சிலுள்ள அப்வில் என்ற சிறு நகரில் அப்படி ஒரு கழகம் இருந்தது. அதன் தலைவராக நெடுங்காலம் இருந்த பூஷே த பெர்த் சுங்க அதிகாரி. ஊரைச் சுற்றியிருந்த சரளைக் குழிகளில் அவர் கண்டெடுத்த கல்லாயுதங்களைப் பாரிஸ் அறிஞர்கள் பல ஆண்டுகள் பொருட்படுத்தவில்லை. 1859இல் பிரெஸ்ட்விச், எவன்ஸ் என்ற இரு ஆங்கிலேயர் நேரில் வந்து பார்த்து உண்மை என்று ஏற்ற பிறகே மனித குலத்தின் தொன்மை பற்றிய எண்ணம் மாறியது.

அந்தச் செய்தியை இந்தியாவில் கூர்ந்து படித்தவர்களில் ஒருவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த அவருக்குப் பாறைகளை ஆராய்வதுதான் பணி. கல்லாயுதத் தேடல் அவருடைய சொந்த ஆர்வம். 1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரம் படைமுகாமின் அணிவகுப்புத் திடலை அடுத்த சரளைக் குழியில் அவர் எடுத்த கல்லாயுதம், இந்தியப் பழங்கற்கால ஆய்வுக்கே தொடக்கமாயிற்று. அப்போது அவருக்கு வயது 28. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தனர். பிற்கால ஆய்வுகள் அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வரை தொன்மை கணித்திருக்கின்றன.

பல்லாவரத்துக் கல் நிலைத்ததற்குக் கண்டெடுத்தவரின் கூரிய பார்வை பாதிக் காரணம்தான். மறுபாதி, அது எங்கே, எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்பது எழுதப்பட்டு அச்சேறியது. 1812இல் தோன்றிய சென்னை இலக்கியச் சங்கத்தின் இதழில் 1866இல் ஃபூட்டின் விரிவான கட்டுரை வந்தது. அலுவலகம் முடிந்த நேரத்தில் படிப்பதையும் எழுதுவதையும் பழக்கமாகக் கொண்டிருந்தவர்களின் சங்கம் அது. ஃபூட் வாழ்நாள் முழுதும் சேர்த்த தொகுப்பு 1904இல் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதன் பட்டியல் நூல் அவர் இறந்த பிறகு 1914இல் வெளியானது. கிடைத்த இடம் குறிக்கப்படாத கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வரலாற்றுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

1880களின் பிற்பகுதியில் பல்லாவரம் குன்றுப் பகுதியில் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ, கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளை வெளிக்கொணர்ந்தார். இங்கிருந்து இப்பகுதியின் தொன்மை அரசின் பொறுப்பாகிறது. பாதுகாப்பு வந்தது, ஊராரின் பங்கு குறைந்தது. தொல்சின்னப் பாதுகாப்பு பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத்தைத் தடுக்கின்றன. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை கட்டுப்படுத்துகின்றன. ஜமீன் பல்லாவரத்தில் வீட்டுமனை வைத்திருப்போருக்கு ஈமக்காடு என்பது, முன்னோர் வாழ்ந்த தடயம் என்பதைவிட, வீடு கட்டும் அனுமதியோடு பிணைந்த சிக்கலாகிப் போனது வருந்தத்தக்கது.

விடுதலைக்குப் பிறகு தமிழ்நாட்டில் தன்னார்வ ஆய்வு வேறு திசையில் வளர்ந்தது. கல்லாயுதத்தை விட்டுக் கல்வெட்டுக்கும் கோயிலுக்கும் வந்தது. திருச்சியில் கண் மருத்துவர் இரா. கலைக்கோவன் 1982இல் டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையத்தைத் தொடங்கினார். இம்மையத்தின் உழைப்பில் வந்த நூல்களில் ‘மகேந்திரர் குடைவரைகள்’ ஒன்று. பல்லாவரம் குன்றிலும் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் குடைவரை ஒன்று அவனுடைய விருதுப் பெயர்களோடு இருக்கிறது; இன்று அது தர்கா. 1991 முதல் தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழ், பேராசிரியர்களின் கட்டுரைகளோடு ஊர்ப்புறத்து ஆர்வலர்கள் கண்டறிந்த புதிய கல்வெட்டுகளையும் பாடத்துடன் வெளியிட்டு வருகிறது. தொண்டர்களின் உழைப்பை ஆய்வுலகம் சரிபார்த்து ஏற்கும் வாயிலாக அமைந்ததே இவ்விதழின் பெருஞ்சிறப்பு.

அந்த உழைப்பு எத்தகையது என்பதற்குக் கல்வெட்டைத் தாளில் மைப்படி எடுக்கும் முறையைப் பார்க்கலாம். முதலில் கல்லில் படிந்த சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீர்விட்டுத் துலக்க வேண்டும். நனைத்த தாளை எழுத்தின் மேல் சுருக்கமின்றி ஒட்டி, தூரிகையால் சீராக அடித்தால் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். ஓரளவு உலர்ந்ததும் மை தோய்த்த துணிப்பொதியால் மெல்ல ஒற்ற வேண்டும். மேற்பரப்பு கறுக்கும், பள்ளத்தில் இருக்கும் எழுத்து வெள்ளையாகத் தெரியும். காற்று பலமாக வீசினால் தாள் கிழிந்துவிடும். மை மிகுந்தால் எழுத்து மூழ்கிவிடும். ஒருவர் தாளைப் பிடிக்க, ஒருவர் அடிக்க, ஒருவர் குறிப்பெழுத எனக் குழுவாகச் செய்தால்தான் நன்றாக வரும்.

தகவல் சொன்னவரை உடனே யாரும் பொருட்படுத்தாத நிலை அப்வில் நகரோடு முடிந்துவிடவில்லை. மதுரைக்கு அருகிலுள்ள கீழடியில் பாலசுப்பிரமணியம் என்ற பள்ளி ஆசிரியர் 1970களில் பழம்பொருள்களைக் கவனித்துத் தெரிவித்தார். அகழாய்வு தொடங்கியது சுமார் 40 ஆண்டுகள் கழித்து, 2015இல்தான்.

பல்லாவரத்தை அடுத்த குரோம்பேட்டையின் நிலை இன்னொரு வகை. 1912இல் சேம்பர்ஸ் என்பவர் நிறுவிய குரோம் லெதர் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் இது. 1931 மே மாதம் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியது, 1949இல் சி. ராஜம் இங்கே எம்.ஐ.டி. என்ற மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவினார். பக்கத்துப் பல்லாவரத்தில் தமிழறிஞர் மறைமலையடிகள் 1911 முதல் 1950இல் மறையும் வரை வாழ்ந்தார். அவர் சேர்த்த நூல்களைக் கொண்டு 1958இல் சென்னையில் ஒரு நூலகம் அமைந்தது. குரோம்பேட்டையின் வரலாறு பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுக்கு உரியது. தொல்பொருள் பற்றிய 1972ஆம் ஆண்டுச் சட்டமோ 100 ஆண்டுக்குக் குறையாத பொருளையே தொல்பொருளாகக் கொள்கிறது. கையெழுத்துப் படிகளுக்கு மட்டும் 75 ஆண்டு. தொழிலாளியின் அடையாள அட்டை, மனைப்பிரிவு வரைபடம், குடியிருப்போர் சங்கத்தின் கூட்டக் குறிப்பேடு போன்றவற்றில் பெரும்பகுதி அதற்குள் வராது. பல்லாவரம் நகராட்சியும் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சிக்குள் இணைந்துவிட்டது. அலுவலகம் மாறும்போது பழைய கோப்புகள்தான் முதலில் தொலையும்.

இத்தகைய அண்மைக்கால வரலாற்றில் சென்னையின் ஆர்வலர்கள் ஏற்கெனவே வழி கண்டிருக்கிறார்கள். வரலாற்று எழுத்தாளர் எஸ். முத்தையா 1991இல் தொடங்கிய ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழும், 2004 முதல் ஆர்வலர்கள் முன்னின்று ஆண்டுதோறும் ஆகஸ்ட் 22 அன்று நடத்தும் சென்னை நாளும் தெரு, கடை, ஆலை, பள்ளி ஆகியவற்றை வரலாற்றுப் பொருளாக்கின. மரபு நடைகளில் முதியவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, சொன்னவர், நாள், இடம் குறித்து, குடும்பப் படங்களை நகலெடுத்து மூலத்தை வீட்டாரிடமே திருப்பித் தருவது செலவில்லாத, நம்பத்தக்க முறை. இவ்வகைத் தனிமனிதச் சேகரிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சான்று தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பிறர் கழித்துக் கட்டிய நூல்கள், பத்திரிகைகள், அழைப்பிதழ்கள் எல்லாவற்றையும் அவர் வீட்டில் சேர்த்துவைத்தார். அவர் மறைந்த பின் 1994இல் அந்தச் சேகரிப்பே நூலகமாகி, தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்வோர் நாடி வரும் இடமாக இருக்கிறது.