பட்டா கேட்கும் பாடம்: தஞ்சையின் பசுமைப் புரட்சியும் வெண்மணியும்

விவசாயி என்றால் யார்? மாணவர்களோடு உட்காரும்போது நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான். "நிலம் வெச்சிருக்கிறவங்க" என்று பதில் வரும். சரி, நாற்று பறிப்பது யார், நடுவது யார், களை எடுப்பது யார், அறுப்பது யார் என்று அடுத்துக் கேட்போம். கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். பிறகு ஒரு பிள்ளை மெதுவாகச் சொல்லும்: "எங்க அம்மா."

இந்த இரண்டு பதில்களுக்கும் இடையில் உள்ள தூரத்தை உண்டாக்கியது சாதி. அந்தத் தூரத்தைச் சுதந்திர இந்தியாவின் விவசாயத் திட்டங்கள் எப்படி அப்படியே ஏற்றுக்கொண்டன என்பதைத்தான் இங்கே பேசப் போகிறோம். புது விதை, புது உரம், புது முறை ஆகியவற்றை விவசாயியிடம் கொண்டு சேர்ப்பதை அரசு 'வேளாண் விரிவாக்கம்' என்கிறது. கேட்க நல்ல சொல்தான். ஆனால் அது ஊர்த்தெருவோடு நின்றுபோனது ஏன்?

1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. கிராம சேவக் என்ற ஊழியர்கள் ஊர்களுக்கு வந்தார்கள். விதை, உரம், கோழி, கழிப்பறை என எல்லாவற்றையும் பேச வேண்டியவர் அவர். ஊருக்குள் வந்தவர் எங்கே உட்காருவார்? யார் வீட்டுத் திண்ணையில் தண்ணீர் குடிப்பார்? இதற்கு விடை நமக்குத் தெரியும். சேரிக்குள் வராத ஊழியரோடு அவர் கொண்டுவந்த சேதியும் வரவில்லை.

அடுத்து வந்தது இன்னும் பெரிய திட்டம். இந்தியாவின் உணவுப் பற்றாக்குறை பற்றி ஃபோர்டு அறக்கட்டளையின் நிபுணர் குழு 1959ல் ஓர் அறிக்கை தந்தது. அதன் அடிப்படையில் 1960-61ல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தொடங்கியது. 'பேக்கேஜ் திட்டம்' என்பது அதன் பேச்சுவழக்குப் பெயர். நாடு முழுவதும் முதலில் எடுத்துக்கொண்ட ஏழு மாவட்டங்களில் லூதியானா ஒன்று, மேற்கு கோதாவரி ஒன்று, நம் தஞ்சாவூர் ஒன்று. தண்ணீர் உறுதியாக உள்ள இடத்தில் பணத்தைப் போட்டால் விளைச்சல் சீக்கிரம் கூடும் என்பதே கணக்கு. விதை, உரம், பூச்சிமருந்து, கூட்டுறவுக் கடன், செயல்விளக்கத் திடல் எல்லாம் ஒரே கட்டாக வந்தன.

அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. ஜப்பானின் நோரின் 10, கோயம்புத்தூரின் ஜி.இ.பி. 24 இரண்டையும் கலந்து உருவாக்கிய ரகம். ஏறக்குறைய 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். குறுவையை அறுத்துவிட்டுத் தாளடி நடலாம். ஒருபோகம் கண்ட வயல்கள் இருபோகம் கண்டன. இதை நாம் மறுக்க வேண்டியதில்லை. நெல் கூடியது உண்மை. அந்த ரகத்தை உருவாக்கியவர்களின் உழைப்பும் உண்மை.

ஆனால் இருபோகம் என்றால் இரண்டு நடவு, இரண்டு களையெடுப்பு, இரண்டு அறுப்பு. அந்த வேலையைச் செய்தவர்கள் யார்? தஞ்சை டெல்டாவில் நிலம் மிராசுதார்களிடமும் கோயில், மடங்களிடமும் குவிந்திருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாள்களாக இருந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். 1952ல் வந்த தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் சும்மா கிடைத்ததல்ல. சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகச் செங்கொடியின் கீழ் பி. சீனிவாசராவ் போன்ற தோழர்களோடு நம் மக்கள் போராடிப் பெற்றது. சட்டம் வந்த பிறகு பல மிராசுதார்கள் நிரந்தரப் பண்ணையாள்களைக் கழற்றிவிட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள். பேக்கேஜ் திட்டம் வந்தபோது நம் மக்கள் பெரும்பாலும் கூலிகள்.

கூலிக்கு அந்தக் கட்டில் என்ன இருந்தது? கூட்டுறவுக் கடனுக்கு நிலம் வேண்டும். உரத்துக்குக் கடன் வேண்டும். செயல்விளக்கத்துக்கு வயல் வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்கு உழுதவரிடம் காட்டக் காகிதம் கிடையாது. தஞ்சாவூரையும் சேர்த்து ஐந்து மாவட்டங்களை ஆராய்ந்த பிரான்சின் ஃபிராங்கெல் 1971ல் வெளியிட்ட நூல், லாபம் பெரிதும் வசதியுள்ள நிலவுடைமையாளர் பக்கம் போனதை எடுத்துக்காட்டியது. சமூகவியல் படிப்பவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

விளைச்சல் கூடியபோது, கூலியாக அளக்கும் நெல்லும் கூட வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள் என்று இன்றும் கீழத்தஞ்சையில் சொல்வார்கள். நிலவுடைமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்தார்கள். வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தார்கள். செங்கொடியை இறக்கச் சொன்னார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் உட்பட 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள்.

புது நெல் ரகம்தான் வெண்மணிக்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. சாதியும் நிலமும் கூலியும் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே இருந்தன. விளைச்சலைக் கூட்டத் திட்டம் போட்ட அரசு, கூடிய விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்று கேட்கவே இல்லை என்பதுதான் நாம் சொல்வது. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் கொளுத்தப்பட்டார்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர்நீதிமன்றம் பிறகு விடுவித்தது.

வெண்மணிக்குப் பிறகுதான் அரசு விழித்தது. கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது. கீழத்தஞ்சைக்கென 1969ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு மத்திய உள்துறை அமைச்சகம் தயாரித்த அறிக்கையே, புதிய விவசாய உத்தி ஏற்றத்தாழ்வைக் கூட்டுகிறது என்று எச்சரித்தது. அந்த எச்சரிக்கை விரிவாக்கத்தின் பாதையை மாற்றியதா? இல்லை.

காரணம் அதன் அடிப்படைப் பார்வையிலேயே இருந்தது. அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ் 1962ல் எழுதிய நூல், புதுமையை ஏற்கும் வேகத்தை வைத்து மக்களைப் பிரித்தது. முந்திக்கொள்பவர்கள் ஒரு முனையில், பின்தங்குபவர்கள் மறுமுனையில். உலகம் முழுக்க விரிவாக்கத் துறைகள் இதைப் பாடமாக வைத்தன. முன்னோடி விவசாயியைப் பிடி, மற்றவர்கள் அவரைப் பார்த்துக் கற்பார்கள் என்பது நடைமுறையானது. பின்னாளில் ரோஜர்ஸே இந்தப் பார்வையின் குறைகளைப் பேசினார். ஆனால் நம் ஊரில் 'முன்னோடி' என்ற சொல் நிலமும் சாதியும் உள்ளவரின் பட்டமாகவே தங்கிவிட்டது. எழுபதுகளிலிருந்து உலக வங்கி பரப்பிய 'பயிற்சியும் பார்வையிடலும்' முறையிலும் அலுவலர் சந்தித்தது ஒரு சில தொடர்பு விவசாயிகளைத்தான். நிலமில்லாதவரைப் பின்தங்கியவர் என்று அழைப்பது, கால் கட்டப்பட்டவரை மெதுவாக ஓடுகிறார் என்பதைப் போன்றது.

நம் காலத்துக்கு வருவோம். திருந்திய நெல் சாகுபடி வந்தபோது 14 நாள் நாற்றை, குத்துக்கு ஒன்றாக, 22.5 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நட வேண்டும் என்றார்கள். முறை முழுக்க நடவு நடும் பெண்ணின் விரலில் இருக்கிறது. ஆனால் நாங்கள் பார்த்த ஊர்களில் பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பட்டாதாரர்களான ஆண்கள். நாற்று ஒடியாமல் எப்படி எடுப்பது என்று தெரிந்த பெண்கள் வெளியே, வெயிலில். 2019ல் தொடங்கிய பி.எம். கிசான் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறது. அதற்கும் நிலம் பெயரில் இருக்க வேண்டும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் உள்ளது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. மக்கள்தொகையிலோ 2011 கணக்கெடுப்பின்படி 16.6 விழுக்காடு.

ஆகவே தொழில்நுட்பம் வேண்டாம் என்பது நம் நிலைப்பாடு அல்ல. நல்ல விதையும் நல்ல கருவியும் நமக்குத்தான் முதலில் வேண்டும். ஆனால் நிலமின்றி வரும் தொழில்நுட்பம் நிலம் உள்ளவரையே மேலும் உயர்த்தும். செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892ல் நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களை மீட்பது வேறு, விவசாய வளர்ச்சி வேறு என்று யாராவது சொன்னால், தஞ்சையின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

தோழர்களே, உங்கள் ஒன்றியத்திலேயே தொடங்கலாம். கடந்த ஆண்டு நடந்த விவசாயப் பயிற்சிகளில் பங்கேற்றவர்களில் ஆதிதிராவிடர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், கூலித் தொழிலாளர் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கூலிப் பெண்களுக்கும் பயிற்சி கொடுங்கள், பயிற்சி நாளுக்குக் கூலியும் கொடுங்கள் என்று கிராமசபையில் எழுந்து பேசுங்கள். வரும் பதிலை எங்களுக்கும் எழுதுங்கள், சேர்த்துப் பார்ப்போம்.