18க்கு அப்புறம்

சிறப்புப் பள்ளியில் கடைசி நாள் முடிந்த மறுநாள் காலை, தம்பி வழக்கம்போல சீருடை மாட்டிக்கொண்டு புளோக்குக்குக் கீழே பள்ளி பஸ்ஸுக்காக நின்றான். "ஸ்கூல் முடிஞ்சிடுச்சுய்யா" என்று அம்மா சொன்னது அவனுக்கு விளங்கவில்லை. 18க்கு அப்புறம் என்ன என்று நாங்களும் யோசித்திருக்கவில்லை.

பிறகுதான் வரலாற்றைத் தேடிப் படித்தேன். சிங்கப்பூரில் 1962ல் 'மைண்ட்ஸ்' அமைப்பு தொடங்கியபோது அதன் பெயரில் 'குழந்தைகள்' என்ற சொல் இருந்தது. கூடவே, இன்று வாயில் எடுக்கக் கூசும் இன்னோர் ஆங்கிலச் சொல்லும். 1985ல் பெயர் மாறி இரண்டும் போயின. கூசும் சொல் போனது நல்லதுதான். எனக்கென்னவோ 'குழந்தைகள்' போனதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. 1962ல் ஆறு வயதாக இருந்த பிள்ளைக்கு அப்போது 29 ஆகியிருக்கும்!

சட்டம் இன்னும் மெதுவாக வந்தது. 2003ல் நடப்புக்கு வந்த கட்டாயக் கல்வி, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு விலக்கு அளித்தது. 2019ல்தான் அவர்களையும் சேர்த்துக்கொண்டது. அதுவும் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான சட்டம். பள்ளியின் கடைசி வருடத்திலேயே வேலையிடத்தில் பழக்கி, பக்கத்தில் ஒரு பயிற்றுநரையும் நிறுத்தும் திட்டம் 2014ல் சோதனையாகத் தொடங்கியது. அதுவும் வேலை செய்யக்கூடியவர்கள் என்று கணிக்கப்பட்டவர்களுக்குத்தான். மற்றவர்களின் வரலாற்றை யார் எழுதப்போகிறார்கள், தெரியவில்லை.

தம்பி இதற்கெல்லாம் முந்தியவன். இரண்டு வருடம் வீட்டில் டிவி பார்த்தான். இப்போது ஒரு பட்டறையில் பொட்டலம் கட்டுகிறான். சம்பள நாளில் எனக்குக் கோப்பி வாங்கித் தருவான். மீதிச் சில்லறையை அவன்தான் எண்ணுவான். நான் கை நீட்டினால் கோபம் வரும்.