நுவரெலியாவின் குழிப்பந்தாட்ட வெளி

பனையும் செம்மண்ணும் பழகிய நம் கண்களுக்கு, நுவரெலியாக் குழிப்பந்தாட்ட வெளி வேறோர் உலகமாகவே தோன்றும்.

வில்வித்தைக்கு இடையூறென்று கருதி, 1457 இல் ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் உதைபந்தாட்டத்தோடு இவ்வாட்டத்தையும் தடை செய்தது. அந்நாட்டார் ஆட்டத்தை விட்டாரில்லை. பின்னாளிலே தாம் சென்ற நாடுகளுக்கெல்லாம் கொண்டு சென்றனர். 1879 இல் கொழும்புக் காலிமுகத்திடலிலே பிரித்தானியர் கழகமொன்று நிறுவினர். நுவரெலியா வெளியை, 1889 இல், கோர்டன் ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த ஸ்கொத்லாந்து வீரர் ஒருவர் அமைத்தார் என்பர். குழிகள் பதினெட்டு.

இங்கே ஆடுவது எளிதன்று. கடல்மட்டத்திற்கு 6,000 அடிக்கு மேலே காற்று அடர்த்தி குறைந்ததாதலின், அடித்த பந்து சமவெளியிற் பறப்பதினும் அதிக தூரம் பறக்கும். கொழும்பிலே கைதேர்ந்தவரும் இங்கே கணக்குத் தப்புவர். இருமருங்கும் ஓங்கிய மரங்கள், குறுக்கே ஓடைகள். மூடுபனி இறங்கினாலோ இலக்குக் கொடியே மறைந்துவிடும். ஸ்கொத்லாந்தின் கடலோர மணல்வெளிகளில் ஆடுவோர்க்குக் காற்றே பகை. இங்கே மரமே பகை.

அமைத்தவருடைய படைப்பிரிவின் பெயரேனும் நமக்குத் தெரிகிறது. கோப்பிக்கும் தேயிலைக்குமாகத் தமிழகத்திலிருந்து வந்து, அம்மலைநாட்டுக் காடுகளை வெட்டித் திருத்திய தொழிலாளரின் பெயர்கள் எங்கே? சரித்திரம் கற்பிக்கும் ஆசிரியன் இதனைக் கேளாதிருத்தல் இயலாது. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்தம் சந்ததியாரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. அவர்களுட் பலர் பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோரிற் பலர் பிரஜாவுரிமைக்காக 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.