கோடு வரையும் கட்டளை: சுருக்கத்தின் வரலாறு

இரு புள்ளிகளை இணைத்து ஒரு நேர்கோடு வரையலாம் என்பது யூக்கிளிட் வகுத்த எடுகோள்களுள் முதலாவதாகும். வரைகோலும் பென்சிலும் கொண்டு படவரைஞர் கணப்பொழுதில் முடிக்கும் இச்செயலைக் கணனியைக் கொண்டு செய்விக்க முனைந்தபோதே அதன் சிக்கல் புலனாயிற்று. கோடு வரையும் கட்டளை படிப்படியாகச் சுருங்கி வந்த வரலாற்றை நோக்கின், அஃது எழுத்துக்களைக் குறைத்த வரலாறு மட்டுமன்று என்பது தெளிவாகும். எவ்வேலை மனிதனுக்குரியது, எவ்வேலை பொறிக்குரியது என்னும் பங்கீடே அதன் உட்பொருளாகும்.

முதலிற் பொறியின் பங்கினை நோக்குவோம். கணனியால் இயங்கும் வரைபொறி சாய்ந்த கோட்டினைச் சிறுசிறு படிகளாகவே வரையும். அடுத்த படி எத்திசையில் அமைதல் வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் துணிதல் அவசியம். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ஜாக் பிரெசன்ஹாம் 1962இல் இதற்கு எளிய வழியொன்றைக் கண்டார். நிறைவெண்களைக் கூட்டியும் கழித்தும், வரும் விடை நேரா மறையா என நோக்கியும் அடுத்த படியைத் துணியலாம். படிதோறும் பெருக்கவோ வகுக்கவோ வேண்டியதில்லை. 1965இல் இம்முறை கட்டுரையாக வெளிவந்தது.

இதே காலப்பகுதியில் மனிதனின் பங்கும் எளிதாக்கப்பட்டது. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஐவன் சதர்லாண்ட் தமது கலாநிதிப் பட்ட ஆய்வாக 1963இல் அளித்த ‘ஸ்கெச்பாட்’, லின்கன் ஆய்வுகூடத்தின் ரி.எக்ஸ்-2 கணனியில் இயங்கியது. ஒளிப்பேனாவைத் திரையில் நிறுத்திப் பொத்தானை அழுத்தினால் கோடு தொடங்கும். பேனா செல்லுமிடமெல்லாம் அதன் மறுமுனை இறப்பர் நாடாப் போல இழுபட்டுச் செல்லும். கோடுகள் இணையாகவோ செங்குத்தாகவோ அமைதல் வேண்டுமென விதித்தால், திருத்தும் பொறுப்பைக் கணனியே ஏற்றது. இங்கு கட்டளைக்குச் சொல்லே தேவைப்படவில்லை. எனினும், அத்தகைய கணனி சாதாரண வரைபட அலுவலகங்களுக்கு எட்டாததாகவே இருந்தது.

ஜோன் வோக்கரும் கூட்டாளிகளும் நிறுவிய ஓட்டோடெஸ்க் நிறுவனம், 1982இல் சிறு கணனிகளுக்கென ‘ஓட்டோகாட்’ செய்நிரலை அறிமுகஞ் செய்தது. இதிலே கட்டளை மீண்டும் சொல்லாயிற்று. ‘லைன்’ எனத் தட்டெழுதிப் புள்ளிகளைத் தருதல் வேண்டும். இது பின்னடைவுபோலத் தோன்றினும், ஆள்கூறுகளை எண்ணாலே தருவதால் நீளம் துல்லியமாயிற்று. மேலும், நிறுத்தும்வரை ஒரு கோட்டின் முடிவே அடுத்ததன் தொடக்கமாகும். நான்கு பக்கங்களையும் தனித்தனியே வரைந்தால் எட்டு முனைகளைத் தருதல் வேண்டும். இம்முறையிலோ நான்கு மூலைகளைத் தந்து ‘சி’ என்னும் ஓரெழுத்தை இட்டாற் செவ்வகம் மூடிக்கொள்ளும். பின்னர், ‘லைன்’ என்னுஞ் சொல்லுக்குப் பதிலாக ‘எல்’ என்ற எழுத்தே போதுமாயிற்று. 1986இல் ‘ஓட்டோலிஸ்ப்’ மொழி சேர்க்கப்பட்டதும் படவரைஞரே தமக்கு வேண்டிய கட்டளைகளை ஆக்கிக்கொள்ளும் நிலை உருவாயிற்று. சுவரைக் குறிக்கும் இரு இணைகோடுகளை ஒரே கட்டளையால் வரைவிக்க அவர் இனி எவரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

ஆயினும், சுருங்கிய கட்டளை ஒவ்வொன்றினுள்ளும் முன்கூட்டியே செய்யப்பட்ட சில தீர்மானங்கள் மறைந்துள்ளன. திரையிற் கூடுவனபோலத் தோன்றும் இரு கோடுகள், உருப்பெருக்கி நோக்குமிடத்துக் கூடாதிருத்தல் உண்டு. அவ்வரைபடத்தை நம்பியே சுவர் எழுப்பப்படுகின்றது. பொறியின் பாகம் வெட்டப்படுகின்றது. ஆதலின், கையுழைப்பைப் பொறிக்கு ஒப்படைத்த படவரைஞர், கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை அறிந்திருக்கும் கடமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ளல் வேண்டும்.