சவலைப் பிள்ளையும் பால் டின்னும்



பொன்விழா மலர் என்றால் சங்கத்தை உருவாக்கிய பெரியவர்களின் படங்கள் இருக்கும். மதரசா வந்த வரலாறு இருக்கும். கப்பலில் வந்து இறங்கியவர்கள், முதன்முதலில் கடை திறந்தவர்கள் பற்றிய கட்டுரைகள் இருக்கும். அவற்றை எழுதத் தகுதியுள்ளவர்கள் எழுதுகிறார்கள். மலர்க்குழுவினர் எங்களிடமும் வட்டார வரலாறாக ஒன்று கேட்டார்கள். போலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு, பாட்டனார் தொடங்கிய மளிகைக் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரிந்த வரலாறெல்லாம் அந்தக் கடை வழியாக வந்ததுதான். அதில் மலர்களில் அதிகம் இடம்பெறாத ஒரு பகுதியை இங்கே எழுதுகிறோம். சாப்பிட முடியாமலும் வளர முடியாமலும் போராடிய குழந்தைகளும் அவர்களை வளர்த்த குடும்பங்களும்தான் இதன் பொருள்.

ஆயாக் கொட்டகை

புக்கிட் ரோத்தானிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரு காலத்தில் தோட்டம்தான். மலாயாவில் வணிக முறையில் செம்பனை பயிரிட்ட முதல் தோட்டமே நம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் தொடங்கிய அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயரிலேயே தமிழ் இருக்கிறது. செம்பனை பரவுவதற்கு முன்பும், பரவிய பிறகும் நெடுங்காலம், நம் மக்களுக்குச் சோறு போட்டது பால்மரம்.

பால்மரம் வெயிலுக்கு முன் சீவப்பட வேண்டும். அதனால் விடியுமுன் பெரட்டு. தாய்மார்கள் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரத்துக்குப் போனார்கள். பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்ப மதியம் தாண்டிவிடும். அங்கே தாய்க்கு மார்பு கட்டிக்கொள்ளும். இங்கே தொட்டிலில் பிள்ளை பசியில் அழும். இடையில் இருந்தவர் ஒரு வயதான ஆயா. பல தொட்டில்களை அவர் ஒருவரே ஆட்ட வேண்டும்.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு மருத்துவ வசதி, பள்ளி போன்ற கடமைகளைத் தோட்ட நிர்வாகங்கள் மேல் சுமத்தியது. நடைமுறையில் அது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டது. பெரும்பாலான இடங்களில் மருத்துவம் என்றால் டிரெசர்தான். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார். பிள்ளை ஏன் வளரவில்லை என்ற கேள்விக்கு அவரிடம் மருந்து இல்லை.

சவலை, தேரை, மாந்தம்

மருந்து இல்லாவிட்டாலும் நம் மக்களிடம் பெயர்கள் இருந்தன. அடுத்த குழந்தை வயிற்றில் வந்ததும் தாய்ப்பால் நின்று இளைத்துப்போன பிள்ளை 'சவலைப் பிள்ளை'. எலும்பும் தோலுமாக வற்றிப்போனால் 'தேரை விழுந்துவிட்டது' என்றார்கள். வயிறு உப்பி, பால் செரிக்காமல் கழிந்தால் 'மாந்தம்'. ஓதிப் பார்க்கச் சொல்லி லெப்பையிடம் எல்லா மதத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். தாயத்து கட்டினார்கள், நாகூருக்கு நேர்ந்துகொண்டார்கள். அதைக் குறைத்துப் பேச எங்களுக்கு மனம் வரவில்லை. கையில் வேறு எதுவும் இல்லாதபோது ஒரு தாய் செய்யக்கூடியதை அவர்கள் செய்தார்கள்.

ஆனால் இந்தப் பெயர்களோடு இன்னொன்றும் சேர்ந்தே வந்தது: குற்றம் சாட்டுவது. 'நீ எங்கே போனாய், எதைப் பார்த்தாய், பிள்ளையை யாரிடம் காட்டினாய், சரியாகப் பால் கொடுத்தாயா' என்று எல்லாக் கேள்வியும் தாயை நோக்கியே போயிற்று. அவளை இருட்டிலேயே மரத்துக்கு அனுப்பிய நேரத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஒரு பெண் மருத்துவரின் குரல்

சவலை என்ற சொல்லுக்கு உலகின் வேறொரு மூலையில் ஓர் இரட்டைச் சொல் இருந்தது. ஜமைக்காவில் பிறந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில், இன்றைய கானாவில், வேலை பார்த்தவர். அங்கே உடல் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறிச் சாகும் குழந்தைகளைப் பற்றி 1933-இல் எழுதினார். நோய்க்கு அந்த ஊர்த் தாய்மார்களின் கா மொழிச் சொல்லையே பின்னர் பெயராக வைத்தார்: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் பாலிழந்த பிள்ளைக்கு வருவது என்பது அதன் கருத்து. நம் கிழவிகள் சவலை என்று சொன்னதும் அந்தப் பாலிழப்பைத்தான்.

அதே மருத்துவர் 1936-இல் மலாயாவுக்கு மாற்றலாகிச் சிங்கப்பூருக்கு வந்தார். அங்கே அவர் பார்த்தது வேறொரு கொடுமை. தாதியர் போல உடை உடுத்திய பெண்களைப் பால் நிறுவனங்கள் வீடு வீடாக அனுப்பி, டின் பாலே சிறந்தது என்று ஏழைத் தாய்மார்களை நம்பவைத்தன. இனிப்பூட்டிய கெட்டிப் பாலில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை. அதையும் காசை மிச்சப்படுத்தத் தண்ணீர் அதிகம் கலந்துதான் கொடுத்தார்கள். கொதிக்காத தண்ணீரானால் வயிற்றுப்போக்கும் கூடவே வந்தது. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் அவர் பேசினார். தவறான விளம்பரத்தால் சாகும் குழந்தையின் மரணத்தைக் கொலையாகவே எண்ண வேண்டும் என்பது அவர் வாதம். ஜப்பானியர் காலத்தில் அவர் சாங்கியில் சிறைப்பட்டுக் கிடந்தார். போர் முடிந்தபின் மலாயாவின் தாய் சேய் நலப் பணிக்குத் தலைமை ஏற்றார். 1948-இல் உலகச் சுகாதார நிறுவனம் அதே பொறுப்புக்கு அவரை ஜெனீவாவுக்கு அழைத்துக்கொண்டது.

எங்கள் 555 புத்தகம்

இந்த வரலாற்றை நாங்கள் முதலில் படித்தபோது கடையின் பழைய அலமாரிதான் நினைவுக்கு வந்தது. தோட்டத்துக்குப் பால் டின் போனது நம் கடைகள் வழியாகவும்தானே! 'பாய், ஒரு பால் டின்னு எழுதிக்குங்க' என்று லயத்துப் பிள்ளைகள் 555 புத்தகத்தை நீட்டிய கதையைப் பாட்டனார் பல முறை சொல்லியிருக்கிறார். சம்பள நாளில் கணக்குத் தீரும். மறுநாள் புதுப் பக்கம் தொடங்கும். அரிசி, பருப்பு, சீனி, மீன் டின் என்ற வரிசையில் பால் டின்னும் இருக்கும். அந்தப் பால் தேநீருக்கா தொட்டிலுக்கா என்று கடைக்காரர் கேட்பதில்லை.

பாட்டனாரைக் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை. கடன் கொடுக்காமல் இருந்திருந்தால் அந்தக் குடும்பங்கள் பட்டினி கிடந்திருக்கும். திறந்த டின் சில நாள் கெடாமல் இருக்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத லயத்தில் அதுவே பெரிய வசதி. அவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. தெரிந்திருந்த நிறுவனங்கள் சொல்லவில்லை. ஆனாலும் வட்டாரத்தில் நாம் செய்த நன்மைகளை எழுதும் மலரில், அறியாமல் நாமும் பங்கேற்ற ஒன்றை மறைப்பது முறையல்ல. இன்று எங்கள் அலமாரியில் உள்ள டின்களில் குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை தொட்டில்கள் காலியாயின என்பதை நாம் மறக்கக் கூடாது.

கிளினிக் வந்த காலம்

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நாட்டுப்புறச் சுகாதாரச் சேவை பரவத் தொடங்கியது. சுகாதார நிலையமும் அதன்கீழ் மருத்துவச்சி கிளினிக்கும் கிராமங்களுக்கு வந்தன. மிசி தராசோடு வந்து குழந்தையை நிறுத்து அட்டையில் புள்ளி வைத்தார். அட்டையில் கோடு ஏறினால் தாயின் முகம் மலரும், இறங்கினால் வாடும். தீபகற்ப மலேசியாவில் 1957-இல் பிறந்த 1,000 குழந்தைகளில் ஏறக்குறைய 75 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. 1990-இல் அது ஏறக்குறைய 13 ஆகக் குறைந்தது. குழந்தைப் பால்மாவு விற்பனைக்கு 1979-இல் நன்னெறிக் கோவை வந்தது. சத்துக் குறைந்த ஏழைக் குழந்தைகளுக்கு உணவுக் கூடை வழங்கும் திட்டத்தைச் சுகாதார அமைச்சு 1989-இல் தொடங்கியது.

பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்.

இதற்கிடையே தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாயின. லயம் போயிற்று, ஆயாக் கொட்டகையும் போயிற்று. நல்லதோ கெட்டதோ, பிள்ளையை நாலு பேர் பார்த்துக்கொண்ட இடம் அது. இன்று தாமான் வீட்டில் கதவைச் சாத்தினால், தாயும் பிள்ளையும் தனி.

எங்கள் வீட்டுப் பிள்ளை

முன்பு பிழைத்திருக்க வாய்ப்பில்லாத குழந்தைகள் இன்று பிழைக்கிறார்கள். குறைமாதக் குழந்தை, இதயக் கோளாறு உள்ள குழந்தை, அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தை, பெருமூளை வாதம் உள்ள குழந்தை என்று பலர். இவர்களில் சிலருக்கு உறிஞ்சவோ விழுங்கவோ வராது. மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் குழாயில் பால் ஊற்றுவார்கள். நெடுங்காலம் தேவைப்பட்டால் வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய் வைப்பார்கள். வயிற்றைப் பெரிதாக வெட்டாமல், உள்நோக்குக் கருவியின் உதவியால் அதை வைக்கும் முறையை 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மைக்கேல் கவுடரர், ஜெஃப்ரி பான்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள் முதன்முதலில் செய்தார்கள். அந்த முதல் நோயாளியே சில மாதக் குழந்தைதான்.

எங்கள் அக்காவின் மகனும் அப்படியொரு பிள்ளை. ஏழு வயது, பதினொரு கிலோ. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால். ஒவ்வொரு முறையும் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, பிள்ளையைச் சாய்த்து உட்காரவைத்து, மெதுவாக ஊற்றி, பிறகு தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ரமலானில் நாமெல்லாம் ஸஹருக்கு அலாரம் வைக்கிறோம். அக்காவுக்கு ஆண்டு முழுவதும் அந்த நேரத்தில் அலாரம் அடிக்கிறது.

ஒரு நோன்பு மாலை. வீட்டில் கஞ்சி காய்ச்சியிருந்தோம். பிள்ளை வாயைத் திறந்து எங்களையே பார்த்தான். 'ஒரு கரண்டிதானே, இப்படி ஊட்டினால்தானே தேறுவான்' என்று நினைத்தோம். அந்தக் கரண்டியைப் பிடித்த கை எங்கள் கைதான். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்வோம். இந்தப் பிள்ளைகளுக்குப் புரையேறினால் உணவு நுரையீரலுக்குப் போகும்; சளிக்காய்ச்சலாக முடியும். பெருநாள் அன்று அவன் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தான். அக்கா எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க தம்பி, நான் சோறு போடாமலா இருக்கேன்' என்று மட்டும் கேட்டார்.

தேரை என்று சொன்ன காலத்துக்கும் டிப்ளோமா படித்த எங்களுக்கும் நடுவில் அன்று ஒரு வித்தியாசமும் இல்லை. பிள்ளை இளைத்திருந்தால் தாயைத்தான் சந்தேகித்தோம்.

இனி நாம் செய்யக்கூடியது

அல்பகரா அத்தியாயத்தில் இரண்டு ஆண்டுப் பாலூட்டலைப் பற்றிப் பேசும் அதே வசனம், குழந்தையின் பொருட்டுத் தாயோ தந்தையோ துன்பத்துக்கு ஆளாகக் கூடாது என்ற கருத்தையும் சொல்கிறது. நாம் முதல் பாதியை அடிக்கடி பேசுகிறோம். இரண்டாம் பாதியைப் பேசுவதில்லை.

உதவிகள் இருக்கின்றன. 1984-இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வு மையத் திட்டம், பி.டி.கே. என்ற பெயரில், இன்று நாடெங்கும் உள்ளது. சமூக நலத்துறையில் மாற்றுத்திறனாளிப் பதிவும், படுத்த படுக்கையாக உள்ளவரைப் பராமரிப்போருக்கான உதவித்தொகையும் உண்டு. தகுதியுள்ளோர் லெம்பாகா ஸகாத் சிலாங்கூரில் விண்ணப்பிக்கலாம். விழுங்கும் பயிற்சி தருபவர் பேச்சுப் பயிற்சியாளர். பேசாத பிள்ளைக்கு அவர் எதற்கு என்று எண்ணி வாய்ப்பைத் தவறவிடக் கூடாது. இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்க்கு இந்தப் பாரங்களை நிரப்ப நேரம் எங்கே? நம்மில் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் அதைச் செய்து கொடுக்கலாம். கிள்ளானுக்கும் சுங்கை பூலோவுக்கும் சரக்கெடுக்கப் போகும் நம் வாகனங்களில், மருத்துவமனைக்குப் போகும் ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் இடம் இருக்கும்.

நோன்புக் கஞ்சி காய்ச்சும்போதும் கந்தூரி வைக்கும்போதும் அந்த வீடுகளை விட்டுவிடாமல் அழைப்போம். பிள்ளையின் வாயில் எதையும் வைக்கும் முன் தாயைக் கேட்போம். 'ஏன் இப்படி இளைத்திருக்கிறான்' என்று கேட்பதற்குப் பதிலாக 'இன்று நீங்கள் சாப்பிட்டீர்களா' என்று அவரைக் கேட்போம்.

பாட்டனாரின் 555 புத்தகங்களில் எங்களிடம் மிஞ்சியிருப்பது ஒன்றுதான். அதில் பாதிப் பக்கங்களில் அடிக்கோடு போட்டுக் கணக்கு முடித்திருக்கிறார். மீதிப் பக்கங்களில் கடன் அப்படியே நிற்கிறது. இந்தக் குழந்தைகளின் கணக்கில் கடன்பட்டவர்கள் நாம்தான். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அதைக் கொஞ்சமாவது தீர்க்க அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.